சாமி அறை வாசலில் நின்ற ரயில்

அத்தியாயம் 4

முகத்தைப் பார்க்காமல், வெறும் பாதத்தை வைத்தே திருடியைக் கண்டுபிடித்துவிட்ட ஒரு குடும்பத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நல்லா பாருங்க. இது ரொஸ்னா கால்தானே?" என்று சிதம்பரநாதன் டேப்லெட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அவங்க முகமே எனக்கு இன்னும் தெரியாது சார். கால் எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் முறைத்தார். என் பாஸ் கோகிலனும் முறைத்தார். இரண்டு முறைப்பும் எனக்குப் பழக்கம்தான். கோகிலன் பல வருடம் காப்புறுதி நிறுவனங்களுக்காகப் பொய் விபத்துகளைத் துருவியவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் காமினி, அவருடைய உதவியாளர். காடி ஓட்டுவது, படம் எடுப்பது, அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது பேசுவது எல்லாம் என் பொறுப்பு.

சிதம்பரநாதனுக்குப் பினாங்கு ஸ்திரீட்டில் கீழே புடவைக் கடை, மாடியில் வீடு. தைப்பூசம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, சாக்கடை ஓரத்தில் உடைந்த தேங்காயின் புளித்த வாடை இன்னும் போகவில்லை. தைப்பூசத்தன்று பகலில் வீட்டார் எல்லாரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், சாமி அறையில் இருந்த தங்க வேல் காணாமல் போயிருந்தது. சாண் நீள வேல். பரம்பரைச் சொத்து. அப்போது வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோய்ப் படுக்கையில் கிடக்கும் பெரியவர் விஸ்வநாதன், சிதம்பரநாதனின் தகப்பனார். இன்னொருத்தி அவரைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் ரொஸ்னா.

டேப்லெட்டில் ஓடிய படம் தரைமட்டத்திலிருந்து எடுத்தது. சாமி அறையின் நிலைப்படி தெரிந்தது. சாம்பல் நிறக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள் மெதுவாக வந்தன, படியைத் தாண்டி உள்ளே போயின, கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தன. கணுக்காலுக்கு மேலே ஒன்றும் கிடையாது.

"இந்த வீட்டுல நாங்க எல்லாரும் வெறுங்கால்தான்," என்றாள் சிதம்பரநாதனின் மனைவி கோமதி. "அவ முஸ்லிம் பொண்ணு. வீட்டுக்குள்ளயும் ஸ்டோக்கின் போட்டுக்கிட்டுத்தான் நடப்பா. வேற யாரு?"

"நீங்க எல்லாரும் மலையிலதான் இருந்தீங்களா?" என்று கோகிலன் கேட்டார்.

"சாரோட காவடிப் படத்துக்கு நானே லைக் போட்டிருக்கேன் பாஸ். பின்னால கோமதி ஆச்சியும் நிக்கிறாங்க," என்றேன்.

"போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணியாச்சு," என்றார் சிதம்பரநாதன்.

"பிறகு நாங்க எதுக்கு?"

"நான் கூப்பிடல. அப்பச்சிதான் பிடிவாதமா நின்னாங்க." செட்டியார் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்பார்கள். "தனியா ஒரு ஆளை வெச்சு விசாரிக்கணுமாம். அது முடியுற வரைக்கும் ரொஸ்னா இந்த வீட்டை விட்டு நகரக் கூடாதாம்."

அந்த நேரத்தில் ரொஸ்னா சமையலறையிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். முப்பதைத் தாண்டிய வயது, துடோங் முக்காடு கட்டிய களைத்த முகம், புக்கிட் மெர்தாஜாம்காரி. எங்களைப் பார்த்ததும் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"அண்ணே, நான் எடுக்கல," என்று நேரே கோகிலனிடம் சொன்னாள். "எனக்குச் சிங்கப்பூர்ல ஒரு முதியோர் இல்லத்துல வேலை கிடைச்சிருக்கு. என் மேல ரிப்போர்ட் இருக்குன்னு நானே அவங்ககிட்ட சொல்லிட்டேன். மறைக்க மனசு வரல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட்டை மீட்டுக்கிட்டதா காட்டலைன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்களாம்."

"திருடுனதை முதல்ல குடு, பிறகு சிங்கப்பூர் போகலாம்," என்றாள் கோமதி. சொன்ன வாயாலேயே, "கஞ்சி ஆறுது பாரு, மாமாவுக்குக் கொண்டுபோய்க் குடு," என்றும் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடி என்று போலீசில் எழுதிக் கொடுப்பார்களாம், அதே திருடி கையால் கஞ்சியும் ஊட்டச் சொல்வார்களாம். காசு படைத்த வீட்டுக் கோபத்துக்குக்கூட வேலைக்காரி தேவைப்படுகிறது.

பெரியவரின் அறைக்குள் நுழைந்ததும் நான் ஒரு தண்டவாளத்தை மிதிக்கப் போனேன். கட்டிலின் காலடியில் புறப்பட்ட பொம்மை ரயில் பாதை கதவைத் தாண்டி, கூடத்தைச் சுற்றி, சாமி அறை வாசலை உரசி, சமையலறை வரை போய்த் திரும்பியது. வாசற்படி உள்ள இடத்தில் எல்லாம் சின்ன மரச் சரிவு. ரயில் கட்டிலுக்குக் கீழே நின்றிருந்தது. முழங்கை நீள எஞ்சின், பின்னால் கூரை போட்ட சரக்குப் பெட்டிகள் இரண்டு, முன்னால் ஒரு தட்டை வண்டி, அதன் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கம்பியில்லாக் கேமரா.

"இதுதான் இப்ப எனக்குக் கால்," என்றார் விஸ்வநாதன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. "மருமக இதைப் பைத்தியக்காரத்தனம்னு சொல்றா."

"கேமராவை யார் பொருத்தினது?" என்று கோகிலன் குனிந்து பார்த்தபடி கேட்டார்.

"நான்தாண்ணே," என்றாள் ரொஸ்னா. பெரியவரின் வீங்கிய பாதங்களைப் பிடித்துவிட்டு, சாம்பல் நிறக் காலுறையை மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தாள். "முதல்ல ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்ல ஒட்டினோம். ரயில் அதிர்றதுல படம் ஆடு ஆடுன்னு ஆடுச்சு. பிறகு பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்சை வெட்டி அடியில குடுத்து, பழைய மாஸ்க் ரப்பரைப் போட்டுக் கட்டினேன். அப்புறம் ஆடல."

"கொஞ்சம் மேல பார்க்கிற மாதிரி சாய்ச்சிருந்தா முகமாவது தெரிஞ்சிருக்கும்," என்றேன் நான்.

"சாய்ச்சா தண்டவாளம் தெரியாதுக்கா. ஐயா எதையாவது போய் முட்டிடுவார்."

"முகம் எனக்கு வேணாம்," என்றார் பெரியவர். "கால் போதும். எல்லார் காலும் எனக்குத் தெரியும். மகன் கால், மருமக கால். இந்த அறை வாசல் வரைக்கும் வரும். நின்னு யோசிக்கும். அப்படியே திரும்பிப் போயிடும்."

இதைக் கேட்டு மகன் ஜன்னல் பக்கம் பார்த்தார். மருமகள் மோதிரத்தைத் திருகினாள்.

கோகிலன் மெத்தை மேலிருந்த ரிமோட்டை எடுத்தார். "இதுல எப்படி ஓட்டுறது?"

"இந்தக் குமிழை அழுத்திக்கிட்டே இருக்கணும். விட்டா ரயில் நின்னுடும்," என்றாள் ரொஸ்னா. "ஐயா வலது கையால ஓட்டுவார்."

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பின்னறையில தொழுதுக்கிட்டு இருந்தேன்."

கோகிலன் பெரியவர் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்தது இவங்க காலைத்தானா ஐயா?"

பெரியவர் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார். "ரயில் ஓட்டிக்கிட்டு இருந்தப்ப கால் தெரிஞ்சுது. படத்துல என்ன இருக்கோ அதுதான்."

"காமினி, ரயிலை ஒரு சுற்று ஓட்டு. இந்தக் கேமரா எதை எல்லாம் பார்க்குதுன்னு தெரியணும்."

சின்ன வயதில் எனக்கு யாரும் ரயில் பொம்மை வாங்கித் தரவில்லை. அந்தக் குறையும் அன்று தீர்ந்தது. குமிழை அழுத்தினேன். கட்டிலடியிலிருந்து ரயில் கிளம்பியது. டேப்லெட்டில் பாய் விளிம்பும் நாற்காலிக் காலும் பூதாகாரமாக வந்து போயின. குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனால் படம் உடைகிறது என்று ரொஸ்னா முன்கூட்டியே சொன்னாள். ஆனால் ரயில் அவ்வளவு தூரம் போகவே இல்லை. அறை வாசலின் மரச் சரிவில் ஏற முடியாமல் சக்கரம் வழுக்க வழுக்க இழுத்தது.

"காலிப் பெட்டிக்கே இப்படி மூச்சு வாங்குது, பாவம்," என்றேன். "என்னை மாதிரி ராத்திரி பிரியாணி சாப்பிட்டிருக்கும்."

கோகிலன் சிரிக்கவில்லை. எட்டு வைத்துப் போய், கடைசிப் பெட்டியின் கூரையைக் கழற்றினார். உள்ளே ஒரு துண்டுத் துணி. துணிக்குள் வேல்.

கோமதி "முருகா" என்று வேலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போலீஸ் வந்து அலமாரி அலமாரியாகக் குடைந்தபோது அது அவர்கள் காலடியிலேயே கட்டிலுக்குக் கீழே இருந்திருக்கிறது. நான் பெருமையோடு ரொஸ்னாவைப் பார்த்தேன். பார்த்ததும் தப்பு புரிந்தது.

"இந்த ரயிலைத் தொடுற ஒரே ஆளு யாரு?" என்று சிதம்பரநாதன் இரைந்தார். "துடைக்கிறவ யாரு? பேட்டரி மாத்துறவ யாரு? கேமராவைக் கட்டுனவ யாரு? இவதான்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" கைபேசியை எடுத்துவிட்டார். "இப்பவே போலீசை வரச் சொல்றேன்."

ரொஸ்னாவுக்கு உதடு வெளுத்துவிட்டது. அவளைக் காப்பாற்ற வந்த நாங்கள் அவள் கழுத்துக்குக் கயிறு முறுக்கிக் கொடுத்திருந்தோம்.

"போலீஸ் வேணாம்," என்றார் பெரியவர் கட்டிலிலிருந்து. "அவர் விசாரிச்சு முடிக்கட்டும். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். அது வரைக்கும் அவ இங்கேயே இருக்கட்டும்."

வேல் கிடைத்துவிட்டது. திருடியையும் அவர்கள் கணக்கில் பிடித்தாகிவிட்டது. இன்னும் என்ன விசாரணை என்று எனக்கு விளங்கவில்லை. கோகிலனுக்கு விளங்கிவிட்டது போல. அவர் டேப்லெட்டைக் கட்டில் ஓரத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினார்.

"போன் ஒரு நிமிஷம் கழிச்சுப் பண்ணலாம் சார். ரொஸ்னா, நீங்களும் வந்து பாருங்க."

"நான் இதை இன்னும் பார்த்ததே இல்லண்ணே," என்றாள் அவள்.

"என்ன? இவங்ககிட்ட நீங்க காட்டவே இல்லையா?" என்று நான் கோமதியைக் கேட்டேன்.

"திருடிகிட்ட எதுக்குக் காட்டணும்?"

படம் ஓடியது. ரொஸ்னா குனிந்து பார்த்தாள். பாதங்கள் வந்தன. இடது பாதம் நிலைப்படியில் இடறி, நின்று, பிறகு இழுத்துக்கொண்டு உள்ளே போனது. ரொஸ்னாவின் முகம் மாறியதை நான் கவனித்தேன். அவள் கண் திரையை விட்டு எழுந்து பெரியவரிடம் போய், அங்கே நிற்க முடியாமல் தரைக்கு இறங்கியது.

"யார் கால்னு தெரியுதாம்மா?" என்றார் கோகிலன்.

"தெரியலண்ணே."

சாயங்காலத்துக்குள் தப்பிக்க வேண்டியவள், கையில் கிடைத்த கயிற்றை விட்டுவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"சரி, நான் ரெண்டு விஷயம் கேட்கிறேன்," என்றார் கோகிலன். "குமிழை விட்டா ரயில் நின்னுடும். ஐயா ஓட்டிக்கிட்டு இருந்தப்ப கால் தெரிஞ்சதா சொல்றார். ஆனா இந்தப் படத்துல ரயில் ஓடவே இல்லை. கால் வர்றதுக்கு முன்னாலயே நிக்குது, கால் போன பிறகும் நிக்குது. ஏன் ஐயா?"

பெரியவர் போர்வையைக் காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அடுத்தது, வெளிய வர்ற இடத்தைப் பாருங்க. காமினி, எது முதல்ல வருது?"

பார்த்தேன். "குதிகால் பாஸ். அலாமா, பின்னாலயே நடந்துல்ல வருது!"

"ஏன் ஒரு ஆளு அறையை விட்டுப் பின்னால நடந்து வரணும்?"

"சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாதுல்ல," என்று கோமதி சட்டென்று சொன்னாள். "நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே மாமா சொல்லிக்…" பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லிக் கொடுத்தார்," என்று கோகிலன் முடித்தார். "ரொஸ்னாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? முஸ்லிம் பொண்ணு, சாமி கும்பிட அந்த அறைக்குள்ள போகவே மாட்டாங்க. சாமி கையில இருக்கிற வேலையே எடுத்துக்கிட்டுப் போகத் துணிஞ்ச ஆளுக்கு, அவருக்கு முதுகைக் காட்ட மட்டும் துணிச்சல் வரல."

"அப்ப எங்களைச் சொல்றீங்களா? நாங்க மலையில இருந்தோம்!"

"தெரியும் சார். அதான் லைக் போட்டிருக்காளே. காலுறை போட்ட கால் இந்த வீட்டுல இன்னொரு ஜோடி இருக்கு. நடக்காத கால்னு அதை நீங்க கணக்கிலேயே எடுக்கல. ரயில் ஏன் நின்னுச்சு தெரியுமா? ஓட்டுறவர் இறங்கிட்டார்."

சிதம்பரநாதன் பாய்ந்து வந்தார். "அப்பச்சியால எந்திரிச்சு உட்காரவே ஆள் வேணும்! உங்களுக்குக் காசு கொடுத்து வரவழைச்சது எங்க அப்பாவைத் திருடன்னு சொல்லவா?"

கோகிலன் ரொஸ்னாவைப் பார்த்தார்.

"தினமும் பயிற்சி கொடுக்கிறேன்," என்றாள் அவள் தரையைப் பார்த்தபடியே. "சுவரைப் பிடிச்சு நிக்க வெப்பேன். ஒரு அடிகூட வைக்க முடியலன்னு அழுவார். இன்னும் கொஞ்ச நாள்ல நடந்துடுவீங்கன்னு நானும் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "நிரூபிங்க," என்றார்.

"முடியாது ஐயா. நான் தோத்துட்டேன்," என்று கோகிலன் ரிமோட்டை மெத்தையில் போட்டார். "ரொஸ்னா, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்கம்மா. வேல் கிடைச்சாச்சு. விசாரணை முடிஞ்சுபோச்சு. இனிமே உங்களை இங்க நிறுத்தி வெக்க யாருக்கும் உரிமை இல்ல. ரிப்போர்ட் கதையை வெளியில போய்ப் பாத்துக்கலாம்."

"அவ போகக் கூடாது," என்றார் பெரியவர்.

"ஏன் ஐயா?"

ரொஸ்னா பின்னறைக்குப் போய்ப் பையோடு வந்தாள். வாசலில் நின்று, "ஐயா, மதிய மாத்திரை டப்பாவுல எடுத்து வெச்சிருக்கேன்," என்றாள். கூடத்தைக் கடந்தாள். மரப்படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது.

"ரொஸ்னா!"

போர்வை தரையில் விழுந்தது. விஸ்வநாதன் வலது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி எழுந்தார். நின்றார். நடந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்துக்கொண்டு, மகனையும் மருமகளையும் தாண்டிக் கூடத்துக்குப் போய்விட்டார். படிக்கட்டுத் தலைமாட்டில் அவர் ஆடியபோது நாங்கள் ஓடுவதற்குள் பை உருளும் சத்தம் கேட்டது. ரொஸ்னா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்து அவரைத் தாங்கிவிட்டாள்.

"போகாதம்மா," என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "என்னை விட்டுட்டுப் போகாத."

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது. அந்த வீட்டார் தலையில் அடித்துக்கொள்வார்கள், அவள் காலில் விழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். காலில் விழத்தான் செய்தார்கள், ஆனால் பெரியவர் காலில். "அப்பச்சி நடக்கிறாங்க! நான் எடுத்த காவடி வீண் போகல!" என்று சிதம்பரநாதன் தேம்பினார். கோமதி கற்பூரம் தேடி ஓடினாள். யார் யாருக்கோ போன் பறந்தது. தண்ணீர்மலையானின் அற்புதம் என்று ஒரே பேச்சு. தினமும் அந்தக் காலைப் பிடித்துவிட்டுச் சுவரோரம் நிற்க வைத்தவள் நடுவில் நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை.

ரொஸ்னா தன் மணிக்கட்டிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"சார், அப்பாவைப் பிடிச்சுக்குங்க," என்றாள் மகனிடம். "இடது பக்கமா நில்லுங்க. அந்தப் பக்கம்தான் சாய்வார்."

"சார், ரிப்போர்ட்," என்றேன் நான்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்லா தங்கச்சி. இன்னைக்கு இந்த வீட்டுக்கு எப்பேர்ப்பட்ட நாள்!"

"இப்பவே வர்றீங்க," என்றார் கோகிலன். அவர் அந்தக் குரலில் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. "இல்லைன்னா பொய் ரிப்போர்ட் கொடுத்ததா உங்க மேல நான் ஒண்ணு எழுதிக் கொடுப்பேன். அதுல உங்கப்பா பேரும் வரும்."

சிதம்பரநாதன் நெற்றி நிறைய விபூதியோடு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஸ்டேஷனில் வேல் தவறுதலாக வீட்டிலேயே இருந்துவிட்டது என்று சொல்லி ரிப்போர்ட்டை மீட்டுக்கொண்டார். ரொஸ்னாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் சம்பள பாக்கியைப் பற்றி மட்டும் ஏதோ சொல்லிவிட்டு, அப்பச்சியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று கிராப் டாக்சி பிடித்துப் போய்விட்டார்.

ரொஸ்னா ஸ்டேஷன் வாசலிலிருந்தே சிங்கப்பூருக்குப் பேசினாள். வேலை நிலைத்துவிட்டது. ஃபெரி வரை கொண்டுபோய் விடுகிறோம் என்று அவளைக் காடியில் ஏற்றினோம். பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் படத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லையா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டேன். "பிறகு ஏன் தெரியலன்னு சொன்னீங்க?"

"அந்தக் காலை எனக்குத் தெரியாதா? ஆனா மகன் முன்னால வெச்சு எப்படிச் சொல்றது?"

"நடக்க முடியாத மாதிரி நடிச்சது, வேலைப் பெட்டியில ஒளிச்சது, நீங்க போயிடக் கூடாதுன்னுதான் இவ்வளவும் பண்ணியிருக்கார். மனுசனுக்கு வாய் இருக்கு, கேட்டிருக்கலாம்லா."

லெபோ பந்தாய் சாலையில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன.

"எனக்கும் போக ஆசையில்லக்கா," என்றாள். "வேலை கிடைச்ச சேதி வந்த அன்னைக்கு அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன். இருன்னு ஒரு வார்த்தை சொல்வார், வேலை வேணாம்னு எழுதிப் போட்டுடலாம்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"தலையில கை வெச்சு, 'நல்லபடியா போயிட்டு வாம்மா, சந்தோஷமா இரு'ன்னு சொன்னார்."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அதைச் சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.